தையல்நாயகி வரவில்லை

ராஜகீழ்ப்பாக்கம் தாண்டியதும் வலது கால் செருப்பின் வார் அறுந்தது.

ஏசுதாசன் எதிர்பார்த்துக் கிளம்பிய ஆபத்துகளில் அது இல்லை. விக் நழுவலாம், குரல் காட்டிக்கொடுக்கலாம், தெருநாய் ஒன்று உண்மையைக் கண்டுபிடித்துக் குரைக்கலாம் என்றெல்லாம் யோசித்திருந்தார். எல்லாவற்றுக்கும் கைப்பையில் ஏதாவது ஒரு ஏற்பாடு இருந்தது. செருப்பைத்தான் நம்பியிருந்தார். பெண்கள் செருப்பில் பத்தாம் நம்பர் எங்குமே கிடைக்காமல், பல்லாவரம் சந்தையில் எட்டாம் நம்பர் வாங்கி, குதிகால் வெளியே தொங்க ஒரு மாதம் வீட்டுக்குள் நடந்து பழகியிருந்தார்.

வயது நாற்பத்தாறு. அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். புடவை கட்டும் ஆசை சர்வீஸைவிட மூத்தது. மனைவி மெட்டில்டாவுக்குக் கல்யாணமான மூன்றாம் வருடமே தெரிந்துபோயிற்று. முதலில் அழுதார். பிறகு ஜெபித்தார். பிறகு, கொசுவம் அவ்வளவு கோணலாக இருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் தானே மடித்து விட்டார். பள்ளிக்கூட டீச்சர், எதையும் திருத்தாமல் விடுகிற சுபாவம் இல்லை.

பதினெட்டு வருடத்தில் ஏசுதாசன் படுக்கையறையிலிருந்து ஹாலுக்கும், ஹாலிலிருந்து மாடம்பாக்கம் வீட்டின் மொட்டை மாடிக்கும் முன்னேறியிருந்தார். போன வருடம் ஒரு பிரவுசிங் சென்டரில், தன்னைப்போன்றவர்கள் எழுதிக்கொள்ளும் இமெயில் குழு ஒன்று கிடைத்தது. தலை நிமிர்ந்து நட, வேகமாக நடக்காதே, யாரையும் பார்த்துப் பயப்படாதே, உன்னை ஒருவரும் பார்க்கப்போவதில்லை என்று கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் அதில் எழுதியிருந்தார். கடைசி வாக்கியத்தை மட்டும் ஏசுதாசன் நம்பவில்லை. ஆறடிக்கு ஓரங்குலம் குறைவான தன்னை எப்படிப் பார்க்காமல் இருப்பார்கள்?

பகல் வெளிச்சத்தில் ஒரு கிலோமீட்டர் நடப்பது என்று 2008 மார்ச்சில் முடிவாயிற்று. ராஜகீழ்ப்பாக்கத்துக்கு முன்னால் ஆட்டோவில் இறங்கி, உள்தெரு வழியாகவே கேம்ப் ரோடு வரை. அங்கே பஸ் ஸ்டாப்பில் மெட்டில்டா குடையோடு காத்திருப்பார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்.

"ஒருத்தர், ஒரே ஒருத்தர் உங்களைக் கண்டுபிடிச்சாலும் இதோட முடிஞ்சுது. பெட்டியோட எல்லாப் புடவையையும் சர்ச்சுல துணி கலெக்ஷனுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் என்கிட்ட முகத்தைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

பெட்டியில் பன்னிரண்டு புடவைகள் இருந்தன. பதின்மூன்றாவது, பச்சையில் மாம்பழக் கலர் பார்டர், இப்போது உடம்பில் இருந்தது.

அறுந்த செருப்போடு நின்றால்தான் பார்ப்பார்கள். தெருமுனையில் ஷாமியானா போட்டு வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஆட்கள் அதிகமில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி வாரை மாட்டினார். செருப்பு சரியாயிற்று. முந்தானை சரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது, வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் எதிரில் நின்றார்.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க? முன்னாடி வாங்க. முன்வரிசை காலியா இருக்கு, ஆபீசர் வர்ற நேரம்."

அது மகளிர் தின விழா என்பதை ஏசுதாசன் அப்போதுதான் பேனரில் படித்தார். நூறு நாற்காலிக்குப் பதினேழு பெண்கள் வந்திருந்தார்கள். இலவசக் குடம் விழா முடிந்த பிறகே என்று அறிவித்திருந்ததால் அவர்களும் போகாமல் இருந்தார்கள். மறுத்துப் பேச வாய் திறக்க வேண்டும், வாய் திறந்தால் குரல் வரும். ஏசுதாசன் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

டீ வந்தது. தட்டோடு வந்த பெண் குனிந்தே வந்து குனிந்தே கொடுத்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார். ஏசுதாசன் தலையை ஆட்டி நன்றி தெரிவித்தார். அந்தப் பெண் ஒரு நொடி நின்றது போலிருந்தது.

மேடையில் இருந்தவர் ராஜகோபாலன். எந்தப் பேரூராட்சி, எந்த வார்டு என்பதைச் சொல்லாமல் விடுவது எல்லோருக்கும் நல்லது. பத்து வருடம் அவர் அங்கே கவுன்சிலராக இருந்தார். 2006 தேர்தலில் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். அவர் மனம் தளரவில்லை. தையல்நாயகி என்பவரை நிறுத்தி ஜெயிக்க வைத்தார். அந்த அம்மா அவருடைய மனைவி என்று சிலரும் அண்ணி என்று சிலரும் சொன்னார்கள். நேரில் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. போஸ்டர்களில் ராஜகோபாலன் ஆள் உயரத்துக்குச் சிரிப்பார். மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு கறுத்த முகம் இருக்கும். அது தையல்நாயகி என்று கீழே அச்சடித்திருந்ததால் நம்ப வேண்டியிருந்தது.

அன்றைக்கு மட்டும் ஒரு சிக்கல். மாவட்டத்திலிருந்து வரும் அதிகாரி ஷபீனா, பெண் கவுன்சிலர் மேடையில் இல்லாத மகளிர் தின விழாவுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் இருப்பதில்லை என்று போன வாரம்தான் வேறோர் ஊரில் எழுந்து போயிருந்தார். ராஜகோபாலன் முன்வரிசையை ஒரு முறை பார்த்தார். உயரம், கண்ணாடி, கைப்பை, நேராக உட்கார்ந்திருக்கும் தோரணை. கீழே இறங்கி வந்தார்.

"டீச்சரம்மா, சின்ன உதவி. நம்ம கவுன்சிலர் ஒரு முக்கியமான வேலையில மாட்டிக்கிட்டாங்க. ஒரு அரை மணி நேரம் அந்தச் சேர்ல உக்காந்துட்டீங்கன்னா போதும்."

ஏசுதாசன் பதறிப்போய்த் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை ஆட்டினார்.

"தொண்டை கட்டியிருக்கா? ரொம்ப நல்லதாப் போச்சு. நம்ம வார்டுல கவுன்சிலர் பேசற வழக்கமே இல்ல."

இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாக, மிக மரியாதையாக, அவரை மேடை ஏற்றினார்கள். ஒரு சால்வை விழுந்தது. சரிந்த முந்தானையை அது பாதியாவது மறைத்தது என்பது மட்டும் ஆறுதல்.

மேடையிலிருந்து பார்த்தால் எல்லாம் நன்றாகத் தெரிந்தது. காத்திருந்து அலுத்துத் தேடி வந்த மெட்டில்டா, குடையோடு கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்பதும் தெரிந்தது. கணவர் ஒரு கிலோமீட்டர் நடந்து வருவார் என்று நினைத்திருந்தவர், அவர் சால்வையோடு மேடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நாற்காலி ஒன்றைப் பிடித்துக்கொண்டார். பிறகு, டீச்சர் அல்லவா, தன் தோளைத் தொட்டுக் காட்டி முந்தானையைச் சரிசெய்யச் சொன்னார்.

அதிகாரி வந்தார். கவுன்சிலருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட்டு, ராஜகோபாலன் பெண் விடுதலை பற்றி இருபது நிமிடம் பேசினார். பெண்களை யாரும் பின்னாலிருந்து இயக்கக் கூடாது என்று அவர் சொன்ன இடத்தில் அவரே கைதட்டினார். அடுத்தது மனு வாங்குதல். முதல் மனுவுக்கு ராஜகோபாலன் பழக்கத்தில் கையை நீட்டினார்.

"நீங்க உக்காருங்க சார்," என்றார் ஷபீனா. "கவுன்சிலர் அவங்கதானே?"

மனு ஏசுதாசன் கைக்கு வந்தது.

அங்கேதான் அவர் தவறினார். வாங்கி அப்படியே வைத்திருந்தால் போதும். இருபத்திரண்டு வருட சர்வீஸ் விடவில்லை. மனுவைப் படித்தார். தேதி இல்லை, பேனாவை எடுத்துத் தேதி போட்டார். கழிவுநீர்க் கால்வாய் பற்றிய மனுவில் தெருவின் பெயர் இல்லை. எழுதச் சொல்லிச் சைகை காட்டினார். எந்தப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்று ஓரத்தில் குறித்தார். இரண்டாவது மனுவில் இரண்டு கோரிக்கைகள் கலந்திருந்தன. தனித்தனியாகக் கொடுக்கும்படி விரலால் காட்டினார். பத்து நிமிடத்தில் மேடைக்குக் கீழே வரிசை நீண்டது. கவுன்சிலரம்மா படிக்கிறாங்க என்று தெருவுக்குள் செய்தி போய், குடத்துக்கு வராதவர்களும் வர ஆரம்பித்தார்கள். நூறு நாற்காலியும் நிரம்பியது.

வரிசையில் எட்டாவது ஆள் ஹெப்சி.

ஏசுதாசனுக்கு மேக்கப்புக்கு அடியில் வியர்த்தது. ஹெப்சி அவருடைய சர்ச்சில் பாட்டுக் குழு. பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் கை கொடுத்து வாழ்த்துச் சொல்கிறவர். கடைசி வரிசையில் மெட்டில்டா கண்ணை மூடிக்கொண்டார். அநேகமாக ஜெபம்.

ஹெப்சி நேராக முகத்தைப் பார்த்தார். இரண்டடி தூரம்.

"மேடம், எங்க தெருவுல லைட் எரிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. எங்க சர்ச்சுல ஏசுதாசன்னு ஒரு சார் இருக்காரு, கவர்மென்ட்ல பெரிய போஸ்ட். மனு எழுதிக் குடுங்கன்னு மூணு தடவை கேட்டேன். டைம் இல்லன்னுட்டாரு. நீங்க முகத்தைப் பாத்துக் கேக்கறீங்க பாருங்க, அதுவே போதும் மேடம்."

ஏசுதாசன் அந்த மனுவை வெள்ளைத்தாளில் முழுவதுமாகத் தானே எழுதிக் கொடுத்தார். கையெழுத்து தெரிந்துவிடும் என்ற பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது.

ஷபீனா மைக்கைப் பிடித்தார். தன்னுடைய சர்வீஸில் நாற்பது பெண் கவுன்சிலர்களைச் சந்தித்திருப்பதாகவும், மனுவைத் தானே படித்து, தானே குறிப்பெழுதிய முதல் பெண்மணியை இன்றுதான் பார்ப்பதாகவும், இவரைப் பார்த்து மற்ற வார்டுகளில் உள்ள ஆண்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு வருகைப் பதிவேட்டை நீட்டினார். ஏசுதாசன் பேனாவோடு உறைந்தார். ராஜகோபாலன் ஒன்றரை வருடப் பழக்கத்தில், யோசிக்காமல் குனிந்து, தையல்நாயகி என்று அழகாகக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகுதான் அதிகாரி தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார்.

"அம்மாவுக்குக் கை வலி," என்றார்.

"தொண்டைன்னு சொன்னீங்க," என்றார் ஷபீனா. பதிவேட்டை மூடாமலே எடுத்துக்கொண்டு காருக்குப் போனார்.

இதற்குமேல் சிக்கல் வராது என்று ஏசுதாசன் எழுந்தபோது ராஜகோபாலன் வழியை மறித்தார். கோபமாகத்தான் வந்தார், ஆனால் கூட்டத்தைப் பார்த்துவிட்டு மனதை மாற்றிக்கொண்டார் என்று தெரிந்தது. மாதா மாதம் கூட்டம் இருக்கிறது, இனிமேல் டீச்சரம்மாவே வந்துவிட வேண்டும், ஆட்டோ அனுப்பிவிடலாம், பெயரும் அட்ரஸும் மட்டும் கொடுத்தால் போதும் என்று டைரியைத் திறந்தார். ஏசுதாசன் இருமினார். நிறைய இருமினார். இருமிக்கொண்டே மேடைக்குப் பின்பக்கமாக இறங்கினார். கடைசிப் படியில் வார் மறுபடியும் அறுந்தது.

பின்னால் கெரசின் ஸ்டவ்வும், அண்டாவும், ஒரு குவியல் டம்ளர்களும் இருந்தன. டீ கொடுத்த பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்தார்.

"குந்துங்க சார். வாரு அந்துகினு கீது பாருங்க."

சார் என்றதைக் கேட்டதும் ஏசுதாசனுக்குப் பன்னிரண்டு புடவைகளும், கட்டியிருந்த பதின்மூன்றாவதும், சர்ச் வாசலில் துணி மூட்டையாகக் கிடப்பது கண்ணில் தெரிந்தது. கவிழ்த்து வைத்த பக்கெட் மேல் உட்கார்ந்தார்.

"எப்படித் தெரிஞ்சுது?" காலையிலிருந்து முதல்முறையாகச் சொந்தக் குரல்.

"நான் குனிஞ்சே கெடக்கறவ சார். எனக்கு எல்லாரும் மொதல்ல காலுதான். இம்மாம் பெரிய காலு எந்தப் பொம்பளைக்கு கீது?" சொல்லிக்கொண்டே தன் கழுத்துக் கயிற்றில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றை வாருக்கு மாட்டினார். இன்னொன்றை எடுத்து எழுந்து வந்து, முந்தானையை மடித்துத் தோளில் குத்தினார். மெட்டில்டா குத்தியதைவிட ஒழுங்காக இருந்தது.

"யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா?"

"நான் சொல்லி எவன் கேட்டான்? நீ பாட்டுக்குத் தெகிரியமா நடந்து போ சார். பொடவைக்குள்ள யாரு கீறாங்கன்னு இங்க எவனும் பாக்கறதில்ல."

கோயம்புத்தூர்க்காரர் எழுதியதும் அதுதான். ஏசுதாசனுக்கு முதன்முறையாக அது உண்மையாக இருக்கலாம் என்று தோன்றியது. ஷாமியானாவின் ஓரத்தில் மெட்டில்டாவின் குடை தெரிந்தது. ஏசுதாசன் எழுந்தார்.

"எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒண்ணு இருந்தது," என்றார், பெருமூச்சோடு. "நிஜத் தையல்நாயகி எந்த நிமிஷமும் வந்து என் சேரைக் கேட்டுடுவாங்களோன்னு. நல்லவேளை, கடைசி வரைக்கும் அந்தம்மா வரல."

அந்தப் பெண் மறுபடி குத்துக்காலிட்டு, அடுத்த டம்ளரைத் தண்ணீரில் முக்கினார்.

"வராம இன்னா சார், காத்தால அஞ்சு மணிக்கே வந்துட்டேன். நான் மேல குந்திகினா டீ யாரு போடறதுன்னு அண்ணன்தான் சொல்லிச்சு."