ஒரு வார மௌனம்

“நன்றி” என்று ஒரே ஒரு சொல் எழுதியதற்காகக் கெடு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும் என்பது அந்தப் புரோகிராமருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவர் வேலை செய்யும் கணினி மொழி எவருக்கும் சொந்தமானதன்று. ஊர்பேர் தெரியாத பலர் இணையத்தில் கூடிப் பேசி அதை வளர்த்துவந்தார்கள். அதில் ‘தேடு’ என்றொரு கட்டளை உண்டு. தேடியது கிடைக்காவிட்டால் அது சத்தமில்லாமல் பூஜ்யம் என்று சொல்லிவிடும். இனிமேல் ‘கிடைக்கவில்லை’ என்று அறிவித்துவிட்டு அங்கேயே நின்றுவிட வேண்டும் என்பது அவருடைய பணிவான யோசனை. விதி எளியது. விவாதத்தில் தொடர்ந்து ஒரு வாரம் எவரும் வாய் திறக்காவிட்டால் யோசனை நிறைவேறும். யார் வாய் திறந்தாலும், யோசனை சொன்னவரே ஆனாலும், வாரம் புதிதாகத் தொடங்கும்.

வாய் திறக்காமல் இருப்பது அவருக்குக் கைவந்த கலை. அலுவலகக் கூட்டங்களில் அதை வைத்தே காலம் தள்ளியவர். ஆயினும், பாராட்டியவருக்குப் பதில் எழுதாதிருப்பது மரியாதையாகாதே! நன்றி எழுதினார். வாரம் போயிற்று. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். அடுத்த வாரமும் போயிற்று.

“கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருங்களேன்,” என்றாள் மனைவி.

“சும்மாதாம்மா இருக்கேன். சும்மா இருக்கேன்னு அவங்களுக்கு ஒரு வரி மட்டும் எழுதிப் போட்டேன்.”

விஷயம் விளையாட்டன்று. யோசனை நிறைவேறினால் குழுத்தலைவர் பதவி என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இல்லையேல் கழிவறைக் கதவை ஒட்டிய பழைய மேசையே கதி. அலுவலகமே முன்கூட்டி வாழ்த்தியது. பக்கத்து மேசையில் புரோகிராம்களைச் சோதித்துப் பார்க்கும் அக்கா மட்டும், “நல்லா யோசிச்சீங்களா தம்பி?” என்று கேட்டார். பொறாமை என்று கருதி, மனத்துக்குள் அவரை மன்னித்தருளினார் நம்மவர்.

அவர் ஒருவழியாக வாயடங்கியபோது ‘வௌவால்’ வாய் திறந்தது. விவாதத்தில் யாரோ சூட்டிக்கொண்ட புனைபெயர் அது. இந்த மாற்றம் வந்தால் பழைய புரோகிராம்கள் நின்றுபோகும் என்று அது எழுதியது. அப்படி ஒன்றைக் காட்டியருள வேண்டும் என்று இவர் கேட்டார். காட்ட இயலாது என்றது வௌவால். அதன் மனம் கோணாதிருக்க, பழைய வழியும் இருக்கட்டும் என்று யோசனையைத் திருத்தினார். இரண்டு வழி எதற்கு என்று மற்றவர்கள் சீறினார்கள். திருத்தத்தை நீக்கினார். வௌவால் திரும்பி வந்தது. வாரங்கள் கரைந்தன.

கடைசியில், வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்குக் கோபம் வந்தது. “மதிப்பிற்குரிய வௌவால் அவர்களே, கிடைக்காததைப் பூஜ்யம் என்று நம்பி எவரேனும் புரோகிராம் எழுதியிருப்பின், அன்னாரைப் புரோகிராமர் என்று அழைக்க என் மனம் துணியவில்லை. வேறொன்றுமில்லை,” என்று எழுதினார்.

எல்லோரும் கைதட்டினார்கள். வௌவால் தன் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றது. நன்றி எழுதத் துடித்த கைக்கு அஞ்சி, கணினியையும் கைபேசியையும் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த வாரம் முழுவதும் காய்கறி நறுக்கினார். யோசனை நிறைவேறியது.

புதிய பதிப்பு வெளிவந்த காலையிலேயே மேனேஜர் அதை அலுவலகத்தில் பெருமையோடு நிறுவச் செய்தார். மதியத்துக்குள், அவர்கள் எழுதிக் கொடுத்த பழைய புரோகிராமை நம்பி ஓடும் பெரிய வாடிக்கையாளரான பார்சல் நிறுவனம் ஸ்தம்பித்தது. முகவரி இல்லாத ஒரு பார்சலைக் கண்டதும், ‘கிடைக்கவில்லை’ என்று அறிவித்துவிட்டு எல்லா இயந்திரங்களும் நின்றுவிட்டன. இத்தனை நாளும் அத்தகைய பார்சல்கள் பூஜ்யம் எண் தட்டுக்குச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தனவாம். அந்தப் பழைய புரோகிராமை எழுதிய மகானுபாவர் யார் என்று மேனேஜர் அறை அறையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

நம்மவர் அக்காவின் பக்கம் சாய்ந்தார். “அக்கா, அந்த வௌவால் சொன்னது சரிதான் போல. மன்னிப்புக் கேட்டு எழுதணும். ஆனா ஒரு உதாரணம் காட்டியிருந்தா நான் அப்பவே விட்டிருப்பேனே?”

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “அத்தனை பேர் முன்னாடி எப்படித் தம்பி காட்டுவேன்? எழுதினவர்னு அந்தப் புரோகிராமோட முதல் வரியிலயே உங்க பேர்தானே இருந்துச்சு.”