நெத்திலிக்கு ஒரு பந்தயக் கிளட்ச்

நெத்திலி ஏற்றிப்போகிற வண்டிக்குப் பந்தயக் கார் கிளட்ச் போட்டவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பழவேற்காட்டில் இருக்கிறார். வேறு எந்த ஊராவது இந்தப் பெருமைக்கு உரிமை கொண்டாடினால் நேரில் வந்து பேசத் தயார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊருக்கு அவர் கிளட்ச் நைனா. லைட்ஹவுஸ் குப்பத்தில் காலையில் கரைக்கு வரும் மீனை ஐஸ் பெட்டிகளில் அடைத்துப் பொன்னேரி மார்க்கெட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது தொழில். இதற்கு மற்றவர்கள் மினி லாரி வைத்திருப்பார்கள். நைனா வைத்திருந்தது, சென்னையில் யாரோ ஒரு டாக்டர் அலுத்துப்போய் விற்ற, கிளட்ச் பெடலே இல்லாத பழைய ஆட்டோமேட்டிக் ஜீப். பின்சீட்டைக் கழற்றிவிட்டு, டாக்டரின் குடும்பம் உட்கார்ந்த இடத்தில் வஞ்சிரத்தை உட்காரவைத்தார்.

கடலோடு கலக்கும் எங்கள் ஏரியின் தண்ணீர் ரோட்டுக்கு ஏறிய ஒரு மழைக்காலத்தில், வடியும்வரை காத்திருப்பது தன் கௌரவத்துக்கு இழுக்கு என்று வண்டியை அப்படியே உள்ளே விட்டார். உப்புத் தண்ணீர் கியர்பாக்ஸுக்குள் புகுந்து குடித்தனம் நடத்தியது. பொன்னேரி மெக்கானிக் தாஸ் திறந்து பார்த்தார். இதைச் சரிசெய்வதைவிட, இதே மாடலின் மேனுவல் கியர்பாக்ஸைப் பழைய சாமான் கடையில் தேடிப்பிடித்து மாட்டிவிடலாம் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கிளட்ச் மட்டும் புதிதாக வாங்க வேண்டும், எந்த மாதிரி வேண்டும் என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்காகத் தாஸ் இன்றைக்கும் வருந்துகிறார்.

அப்போது நான் பஜாரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். மறுநாளே நைனா என் கடை ஸ்டூலில் குடியேறினார். என்னுடைய வைஃபையில், எங்கேயோ ஒரு ஷெட்டில் நின்றுகொண்டு வெள்ளைக்காரர்கள் கிளட்ச் தட்டைக் குழந்தைபோல ஏந்திப் பேசும் வீடியோக்களைப் பார்ப்பார். ஆங்கிலம் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் சரியான இடங்களில் தலையாட்டுவார். சில இடங்களில், அவன் சொல்வது தவறு என்று என்னிடம் வருத்தப்படுவார். மகளுக்கு மாப்பிள்ளையை ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் முடிவு செய்த மனிதர் இவர். கிளட்ச்சுக்கு மாதக்கணக்கில் ஜாதகம் பார்த்தார்.

இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்ப்பதும் பிரிப்பதும்தான் கிளட்ச்சின் வேலை. அதில் மூன்று தினுசு இருப்பதாக எனக்கு விளக்கப்பட்டது. முதலாவது, வண்டியோடு கம்பெனி கொடுக்கும் சாதாரணம். மெதுவாகப் பிடிக்கும், காலுக்கு இதம். இரண்டாவது, அதே மாதிரிதான், ஸ்பிரிங் மட்டும் கொஞ்சம் முறுக்கு, பாரம் இழுப்பவர்களுக்கு. மூன்றாவது பந்தயக்காரர்களுக்கானது. தட்டைச் சுற்றி வழக்கமான வளையத்துக்குப் பதிலாக, செராமிக் துண்டுகள் செம்பருத்தி இதழ் மாதிரி தனித்தனியாக நிற்கும். எவ்வளவு சூடானாலும் வழுக்காது. ஆனால் பிடித்தால் மொத்தமாகப் பிடிக்கும், விட்டால் மொத்தமாக விடும். நடுவில் ஒன்றும் கிடையாது.

இரண்டாவதை வாங்குங்கள் என்று தாஸ் கெஞ்சினார். நைனாவின் மனைவி மேரியக்கா முதலாவதே போதும் என்றார். குப்பத்தில் படகு வைத்திருந்த தேசப்பன் என்பவர், நைனாவைக் கிண்டல் செய்வதையே உபதொழிலாகக் கொண்டவர், கடைவாசலில் நின்று கேட்டார்.

"இன்னா நைனா, நெத்திலி இன்னா ரேஸுக்கா போவுது?"

நைனா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "வழுக்குற கிளட்ச்சும் வழுக்குற மனுசனும் எனக்கு ஆவாதுப்பா" என்று சொல்லிவிட்டு, என் போனிலேயே மூன்றாவதை ஆர்டர் செய்தார்.

வண்டி தயாராகி வந்த அன்று பஜாரே கூடியிருந்தது. நைனா மூன்றாவதாக முளைத்த பெடலை மிதித்து, கியர் போட்டு, காலை எடுத்தார். வண்டி கிளம்பவில்லை, பாய்ந்தது. எதிர்ப் பழக்கடையின் கொய்யாக் குவியலுக்கு ஒரு சாண் முன்னால் இன்ஜின் அணைந்து நின்றது. கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் எங்கே போனார் என்று தேட வேண்டியிருந்தது. நைனா தலையை வெளியே நீட்டி, "கடிக்குது பாத்தியா" என்றார். பெற்ற பிள்ளை முதல் வார்த்தை பேசியதுபோல் ஒரு பூரிப்பு.

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிவரை ரோட்டில் வேகத்தடைகளும் எருமைகளும் தாராளம். ஒவ்வொன்றுக்கும் நைனா நின்று, பாய்ந்து, அணைந்து, மறுபடி பாய்ந்தார். பெட்டிக்குள் நண்டுகள்கூட ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்ததாக மார்க்கெட்டில் பேசிக்கொண்டார்கள். பெடலை மிதித்து மிதித்து அவருடைய இடது கெண்டைக்கால் மட்டும் தனியாக உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்வந்ததுபோல் ஆனது. காட்டூரில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்ட மேரியக்கா, பட்டுப்புடவையோடு முன்சீட்டில் ஏறி, முதல் தெருவைத் தாண்டுவதற்குள் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தார். மடியில் வைத்திருந்த கல்யாணச் சீர் பாத்திரத்தில் இடித்துக்கொண்டு, தாடை வீங்கிய முகத்தோடுதான் அந்தக் கல்யாணப் போட்டோ எல்லாவற்றிலும் இருக்கிறார்.

இவ்வளவுக்கும் நைனா அசரவில்லை. ஓட்டத் தெரியாதவர்கள்தான் கிளட்ச்சைக் குறை சொல்வார்கள் என்பது அவர் கட்சி. ஓட்டுவது அவர்தான் என்பதை யாரும் நினைவூட்டவில்லை.

பிறகு ஒரு நாள் கடல் கொந்தளித்தது. மதியம் தேசப்பனின் ஃபைபர் படகு கரையை நெருங்கும்போது மோட்டார் நின்றுபோய், அலை உடையும் இடத்தில் குறுக்காகத் திரும்பிக்கொண்டது. தேசப்பனும் கூட வந்தவரும் நீந்திக் கரை சேர்ந்துவிட்டார்கள். படகு மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு அலையும் அதைத் தூக்கித் தரையில் அறைந்தது. உள்ளே தண்ணீரும் மணலுமாக நிரம்பியது. படகுகளை இழுக்கும் டிராக்டர் பழுதாகிப் பொன்னேரியில் நின்றது. குப்பமே கயிற்றைப் பிடித்தும் படகு நகரவில்லை. தேசப்பனுக்கு இருந்தது அது ஒன்றுதான். அவர் கயிற்றை விட்டுவிட்டு, மணலில் உட்கார்ந்து படகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் நைனாவைக் கூப்பிடவில்லை. அவரே வண்டியோடு வந்தார். மணலில் இறக்கினால் இந்தக் கிளட்ச் பாயும் பாய்ச்சலில் சக்கரம் புதைந்துவிடும் என்று, ரோடு முடிகிற இடத்திலேயே நிறுத்தி, கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்து நீளமாக்கச் சொன்னார்.

தேசப்பன் எழுந்து வந்து மெல்லச் சொன்னார். "வேணாம் நைனா. உன் வண்டியும் பூடும்."

"நீ கட்டு."

அலை படகைத் தூக்கும்போதெல்லாம் நைனா இழுத்தார். அலை இறங்கும்போது பிரேக்கில் நிற்பார். கிளட்ச் கருகும் வாடை எங்கள்வரை வந்தது. ஆனால் அது விடவில்லை. முழம் முழமாகப் படகு ஏறியது. அலை எட்டாத மணலுக்கு அது வந்துசேர்ந்த நேரத்தில் வண்டிக்கு அடியில் பெரிய சத்தம். கியர்பாக்ஸைத் தாங்கும் இரும்பு முறிந்து, பின் அச்சும் உடைந்து, ஜீப் பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டது.

நைனா இறங்கி, அடியில் ஊர்ந்துபோனார். ரொம்ப நேரம் வரவில்லை. என்ன மனநிலையில் வெளியே வருவாரோ என்று எங்களுக்குப் பயம். கரியும் எண்ணெயுமாக வந்தவர் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார்.

"கிளட்ச்சுக்கு ஒண்ணும் ஆவல."

யாரும் சிரிக்கவில்லை. நன்றி சொல்லிப் பழக்கமில்லாத தேசப்பன், ஈர லுங்கியோடு நடுங்கிக்கொண்டே அவர் எதிரில் வந்து நின்றார். "நைனா, அந்த பிளேட்டு எப்டி வேலை செய்யுதுனு சொல்லேன்" என்றார்.

நைனா சொன்னார். முதல் தினுசிலிருந்து ஆரம்பித்து, எதையும் விடாமல், பொழுது சாயும்வரை சொன்னார். தேசப்பன் உட்காரக்கூட இல்லை. அத்தனையையும் கேட்டார்.

அடுத்த வாரம் அச்சு தேட நைனாவை என் பைக்கில் பொன்னேரிக்கு அழைத்துப் போனேன். பின்னால் உட்கார்ந்து, என் பைக்கின் கிளட்ச் எவ்வளவு மட்டம் என்று வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார். பொன்னேரி நெருங்க நெருங்க, நான் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டேன்.