கை தட்டினால் எரியும் விளக்கு

இரண்டு முறை கை தட்டிவிட்டு, "லைட்டப் போடு" என்றார் பூட்டுக்காரர். பல்பு எரியவில்லை.

"ஏங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணன் வந்துடுவாரு," என்றாள் மனைவி.

அவளுடைய அப்பா இவர்களோடுதான் இருக்கிறார். முழங்கால் வலி. ஒரு சுவிட்ச் போட எழுந்திருப்பதற்குள் படாத பாடு படுகிறார். "அங்க அப்பாவுக்கு ஒரு வசதியும் இல்ல, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று மச்சான் போனில் சொன்னதிலிருந்து அவள் அழுதுகொண்டே இருந்தாள்.

அதனால்தான் பூட்டுக்காரர், இருப்பதிலேயே மலிவான ஸ்மார்ட் ஹோம் பெட்டியை வாங்கி வந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே கை தட்டிச் சொன்னால் லைட்டும் ஃபேனும் கேட்குமாம். எந்தப் பூட்டையும் திறக்கிறவருக்கு இது எம்மாத்திரம்? இனி வேலையில்லை என்று சுவர் சுவிட்சுகளையெல்லாம் முதலிலேயே அணைத்துவிட்டார்.

"அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"முதல்ல ஓடட்டும். இப்பவே சொன்னா ஷாக் அடிக்குமான்னு நூறு கேள்வி கேப்பாரு."

ஹால் 'ட' மாதிரி மடங்கியிருக்கும். மடக்குக்கு அந்தப் பக்கம், சுவிட்ச் போர்டு இருக்கும் சுவரோரம், மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"சத்தமாச் சொல்லிப் பாருங்க," என்றாள் மனைவி.

பூட்டுக்காரர் தட்டினார், கத்தினார். பத்து விநாடி கழித்துப் பல்பு எரிந்தது.

"பாத்தியா? மலிவு சாமான், யோசிச்சுத்தான் செய்யும்."

இன்னும் வேகம் வேண்டும் என்று வைஃபை பெட்டியைச் செருப்பு அலமாரி மேல் மாற்றினார். அதன் வயர் ஹாலுக்குக் குறுக்கே, மடக்கைத் தாண்டி, கணுக்கால் உயரத்தில் ஓடியது. அதன்பிறகு பல்பு எரிய அரை நிமிடம் ஆனது. எரிவதற்கு முன்னால் "ஸ்ஸ்... அம்மா" என்று ஒரு சத்தம் வேறு.

"மெஷின் முனகுதுங்க."

"சூடாயிருக்கும்."

ஸ்மார்ட் பெட்டியில் ஈரத்துணியைச் சுற்றி வைத்தார்.

மதியம் மாமனார் சாப்பாட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் நாற்காலிக்குப் போய்விட்டார்.

"உங்கப்பா ஏன் முகத்தத் தூக்கி வச்சிருக்காரு?"

"அண்ணன் கூட்டிட்டுப் போயிடுவாரோன்னு கவலைங்க, பாவம்."

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் எதுவுமே வேலை செய்யவில்லை. பூட்டுக்காரர் உள்ளங்கை சிவக்கத் தட்டினார். ஈரத்துணியை எடுத்தார். மூன்று முறை ரீசெட் செய்தார். கடைசியில் தொண்டை கிழியக் கத்தியதும் லைட், ஃபேன் இரண்டும் சேர்ந்து ஓடின. ஃபேன் ஐந்தில் சுற்றியது. "ஃபேன நிறுத்து" என்றால் லைட் அணைந்தது.

"கோவிச்சுக்கிட்ட மாதிரி பண்ணுதே," என்றாள் மனைவி. பிறகு போனைப் பார்த்தாள். "இதுல 'ஒரு சாதனமும் இணைக்கப்படவில்லை'ன்னு காட்டுதுங்க."

"காட்டிட்டுப் போகட்டும். எரியுதா இல்லையா?"

ஆறு மணிக்கு மச்சான் வந்தார். செருப்பைக் கழற்றியதும், "அப்பா எங்க?" என்றார்.

"உள்ள உக்காந்திருக்காரு. மச்சான், முதல்ல இதப் பாருங்க."

பூட்டுக்காரர் இஷ்ட தெய்வத்தை நினைத்துக்கொண்டு தட்டினார். "லைட்டப் போடு." எரிந்தது. "ஃபேனப் போடு." சுற்றியது. "நிறுத்து." நின்றது.

மச்சான் பல்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனிமே மாமா எந்திரிக்கவே வேணாம். கால் தரையில படாது," என்றார் பூட்டுக்காரர்.

"அசத்திட்டீங்க மாப்பிள்ளை. நான்கூட இவ்வளவு செஞ்சிருக்க மாட்டேன். அப்பா இங்கேயே இருக்கட்டும்."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது மடக்கிலிருந்து மாமனார் வயரைத் தாண்டி மெதுவாக வந்தார். ஒரு கை முழங்காலில், மறு கையில் துணிப்பை.

"டேய், நான் உன்கூடவே வந்துடுறேன்டா. காலையிலேருந்து மாப்பிள்ளை வாய் நிறைய 'மாமா'ன்னு ஒரு தடவ கூப்பிடல. கையத் தட்டித் தட்டி, லைட்டப் போடு, ஃபேன நிறுத்துன்னு என்னையே ஓட ஓட விரட்டுறாரு."