ஆறாம் எண் வீட்டுக்குக் கதகதப்பு ஊட்டிய வரலாறு

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகல், கள்ளக்குறிச்சியின் மிகப் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆறாம் எண் வீட்டில், யாரென்றே தெரியாத ஒரு தம்பதியருக்குத் தலைவாழை இலையில் முழுப் படையல் இடப்பட்டது. உலக நாகரிகம் இதற்கு முன் இவ்வளவு உயரத்தை எட்டியதில்லை. குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நான் நேரில் நின்று பார்த்தேன். எனவே அதை முறையாகச் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

ஆறாம் எண் வீட்டின் உரிமையாளர் காசிநாதன், விதைக்கடை நடத்தி ஓய்ந்தவர். அவர் மனைவி கமலா சென்ற ஆண்டு காலமானார். சென்னையில் பணிபுரியும் ஒரே மகன் அறிவுச்செல்வன் விடுமுறையில் வந்து, கூடத்தின் நடுவில் நின்று, "வீடு ரொம்ப டல்லடிக்குதுப்பா" என்று கண்டறிந்தார்.

"உங்கம்மா இல்லடா, அதான்" என்றார் காசிநாதன்.

இது துறை அறிவு இல்லாதவர் கூறும் காரணம். அறிவுச்செல்வன் அதைப் பொருட்படுத்தாமல் ஜீவா என்னும் உள்அலங்கார வல்லுநரை வரவழைத்தார். அந்தப் பெண் இளம் வயதிலேயே ஞானம் கைவரப்பெற்றவர். சுவர்களைத் தட்டினார்; கண்களை மூடி மூச்சை இழுத்தார்; பிறகு திருவாய் மலர்ந்தார்.

"இந்த வீட்ல யாரு வாழறாங்கன்னு சுவரே சொல்லணும் அங்கிள்."

"நான்தாம்மா வாழறேன். பெல் அடிச்சா நானே சொல்லிடுவேனே, செவுரு எதுக்கு?"

"உங்க பர்சனாலிட்டி தெரியணும்."

"தெரியுதே. அதோ என் சேரு. அதோ என் மருந்து டப்பா."

"அதெல்லாம் முதல்ல எடுத்துடலாம்."

இவ்வாறு "தனித்துவம்" சேர்க்கும் திருப்பணி தொடங்கியது. தனித்துவத்துக்கு இடையூறாக இருந்தவை காசிநாதனின் பொருள்களே என்பதால் அவை அகற்றப்பட்டன. ஒயர் பின்னிய நாற்காலி பால்கனிக்குச் சென்றது. உரக் கம்பெனி கொடுத்த காலண்டர் எங்கே போயிற்று என்று எவருக்கும் தெரியாது. அதன்பின் அவர் என் வீட்டுக் கதவைத் தட்டித்தான் கிழமை கேட்டுக்கொண்டு போனார். கல்வராயன் மலையிலிருந்து, கோழிகள்மேல் கவிழ்த்து வைக்கும் மூங்கில் கூடை ஒன்று வந்தது. அதற்குள் பல்பு வைத்துக் கூரையில் தொங்கவிட்டார்கள். "கோழி எப்பம்மா வரும்?" என்றார் காசிநாதன். செங்கல் தெரிந்தால் கதகதப்பு மிகும் என்று சுவர்ப் பூச்சைச் சுரண்டினார்கள். உள்ளே இருந்த செங்கல் செங்கல்போல் இல்லை என்று ஜீவா முகம் சுளித்ததால், மறுபடியும் பூசி, அதன்மேல் செங்கல் படம் அச்சிட்ட காகிதத்தை ஒட்டினார்கள்.

எஞ்சியிருந்தது கமலாவின் வண்ணப் படம். பிளாஸ்டிக் மாலையும் சிவப்புச் சீரோ வாட் பல்புமாகச் சுவர் நடுவில் தொங்கியது. "கலர் செட் ஆகல" என்றார் ஜீவா. அதே ஆணியில், பழம்பொருள் கடையில் வாங்கிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று ஏறியது. கோட்டு அணிந்த மீசைக்காரர். அருகில், யாரையோ முறைக்கும் அவர் மனைவி.

"யாரும்மா இவங்க?"

"தெரியாது அங்கிள். ஆனா பாருங்க, எவ்ளோ ஹோம்லியா இருக்காங்க!"

கமலாவின் படம் கூடத்துப் பரணில் வைக்கப்பட்டது. தூசி ஒத்துக்கொள்ளாமல் காசிநாதன் சின்னசேலத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த வாரத்தில், பரணையும் மறைத்து ஃபால்ஸ் சீலிங் போடப்பட்டது. படத்தை இறக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆகஸ்டு பத்து, கமலாவின் முதலாண்டு நினைவு நாள். அன்று மாலையே வீட்டைப் படமெடுக்க ஓர் இணைய இதழிலிருந்து ஆள் வருவதாக ஏற்பாடு. திருநாவலூரிலிருந்து காசிநாதனின் அக்கா தங்கமணி, கமலாவுக்குப் பிடித்த மரவள்ளிக்கிழங்கு வடையைத் தூக்கில் எடுத்துக்கொண்டு வந்தார். சுவரை நிமிர்ந்து பார்த்தார்.

"யார்ரா இது, கோட்டு போட்டுக்கினு?"

"சும்மா, பழைய காலத்து ஆளுங்க அத்த."

"நம்ம வூட்ல எவன்டா கோட்டு போட்டான்? கமலா எங்கடா?"

அறிவுச்செல்வன் கையை மேலே காட்டினார்.

"அது தெரியுண்டா. போட்டோ எங்க?"

"அதுவும் மேலதான் அத்த. சீலிங்குக்குள்ள."

"ஒடச்சி எடு."

"சாயங்காலம் ஷூட்டிங் இருக்குது அத்த. இன்னிக்கி ஒரு நாள் இவங்க முன்னாடியே படச்சிடலாம். அம்மா புரிஞ்சிப்பாங்க."

உச்சிப்பொழுதுக்குள் படைத்தாக வேண்டும். தங்கமணி பல்லைக் கடித்துக்கொண்டு இலையை விரித்தார். கோட்டுக்காரர் முன்பு வடை வைக்கப்பட்டது, கற்பூரம் ஏற்றப்பட்டது. படமெடுப்புக்காகக் காலையிலேயே வந்திருந்த ஜீவா கைபேசியை நீட்டி, "ஆன்ட்டி, இன்னொரு தடவ காட்டுங்க, புகை சரியா விழல" என்றார்.

"கிட்ட வா, உன் மூஞ்சிக்கே காட்டறேன்" என்றார் தங்கமணி.

காசிநாதன் மட்டும் கும்பிடவில்லை. "அந்தப் பக்கத்துச் செவுத்துல ஒரே ஒரு ஆணி அடிச்சிக் குடும்மா, அவள அங்க மாட்டிக்கறேன்" என்றார்.

"அந்தச் சுவர் காலியா இருக்கணும் அங்கிள். அந்தக் காலிதான் அழகே."

"காலியாத்தாம்மா இருக்குது, ஒரு வருசமா."

அவர் பால்கனிக்குப் போய் ஒட்டடைக் கம்பையும் ஒயர் நாற்காலியையும் எடுத்து வந்தார். "அப்பா, வேணாம்ப்பா!" என்று அறிவுச்செல்வன் ஓடி வந்து சீலிங்கைப் பார்த்தார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். குடியிருப்பில் விபத்து நேராமல் காப்பது செயலாளரின் பொறுப்பு. மூன்றாம் குத்தில் சீலிங் உடைந்து இலைமேல் கொட்டியது. காசிநாதன் கையை விட்டுத் துழாவிக் கமலாவை வெளியே எடுத்து, தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"எங்க வூட்ல செவுத்துக்கு இன்னா பஞ்சம்? வாடா" என்றார் தங்கமணி. அக்காவும் தம்பியும் திருநாவலூர் போக உளுந்தூர்பேட்டைப் பேருந்தில் ஏறினார்கள். படம் காசிநாதன் மடியில் இருந்தது.

மாலைக்குள் ஓட்டை அடைக்கப்பட்டது. படமெடுக்க வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்து வியந்தார். கூடத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தால் குடும்பக் களை இன்னும் கூடும் என்று மட்டும் தெரிவித்தார். அது குறித்து அங்கேயே கூட்டம் நடந்தது. செயலாளர் என்ற முறையில் நானும் அழைக்கப்பட்டேன்.

முடிவு வருமாறு: கறுப்பு வெள்ளைத் தம்பதியர் அதே ஆணியில் தொடர்வர். படமெடுப்பு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைக்கப்படும். அதற்குள் நடிப்பு அனுபவமுள்ள முதியவர் ஒருவர் சென்னையிலிருந்து வாடகைக்கு அழைத்து வரப்படுவார். நரைத்த தலையும் வெள்ளை வேட்டியும் இன்றியமையாதவை. காசிநாதன் தலைக்குச் சாயம் பூசுபவர், லுங்கி கட்டுபவர் என்பதால் தகுதி பெறவில்லை. அவர் அந்த வீட்டின் உரிமையாளர், அறிவுச்செல்வனின் தந்தை என்பவற்றைச் செயலாளர் சுட்டிக்காட்டினார். அவை படத்தில் தெரியமாட்டா என்று ஏனையோர் ஒருமனதாக ஒதுக்கினர்.