சந்தனம் வைத்த பத்து கேன்கள்

ஒரு விஷயம் எனக்குப் பாதி புரிந்தாலே போதும், முழுசாக அடுத்தவருக்கு விளக்கக் கிளம்பிவிடுவேன். இந்த வியாதி முற்றிப்போயிருந்த காலம், இரண்டாயிரங்களின் நடுவில் நான் பயோடெக்னாலஜி முடித்த வருஷம்.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலை. அதன் புகைபோக்கியிலிருந்து குழாய் இழுத்து, புகையை ஆறவைத்து, நுண்பாசி வளரும் தண்ணீருக்குள் குமிழ்குமிழாக விடுவது என் திட்டம். புகையிலுள்ள கரியமில வாயுவைத் தின்று பாசி வளரும். முதலாளி பழவேற்காட்டு பாய், பொறுமைசாலி. அரை மணி நேரம் விளக்கினேன்.

"பாய், இதுங்க மூணு ஷிப்டும் வேலை செய்யும். லீவு கேக்காது, போனஸ் கேக்காது." (வெளிச்சம் இல்லாவிட்டால் பாசி வேலை செய்யாது என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.)

"சரி தம்பி. பின்னாடி பத்து தண்ணி கேன்ல செஞ்சி காட்டு. ஆயுத பூஜை அன்னிக்கு வந்து பாக்கறேன். நல்லா வளந்திருந்தா பெரிய தொட்டி கட்டலாம், உனக்கும் வேலை போட்டுத் தரேன்."

வீட்டில் நான் வேலை கிடைத்தேவிட்டது என்று சொல்லிவிட்டேன். அப்பா எங்கள் மணவாள நகர் முழுக்க லட்டு கொடுத்தார்.

ஒரே மாதத்தில் தண்ணீர் மருதாணி அரைத்த நிறத்துக்கு வந்தது. உலையைப் பார்த்துக்கொள்ளும் ஏழுமலை அண்ணன் ஒருநாள், "இன்னா தம்பி இது?" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் ஒரே வரியில் முடித்தேன்: "புகைல இருக்கற கெட்டதெல்லாம் இதுல புடிச்சுக்கும்ணே."

பூஜைக்கு முந்தின நாள் ஆலையே அமர்க்களப்பட்டது. எனக்கும் ஆசை வந்துவிட்டது.

"அண்ணே, மத்த மெஷினுக்குச் செய்யற மாதிரியே நம்ம மெஷினுக்கும் செஞ்சிடுங்க. ஒண்ணும் கொறை வெக்காதீங்க."

"அத்த உடு. நான் பாத்துக்கறேன்."

பாயைப் பார்க்கப் புதுச் சட்டை வாங்கக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை சட்டையும் நானுமாகப் போனால், பத்து கேனுக்கும் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. உள்ளே சுத்தமான போர் தண்ணீர். அடி வரை தெரிந்தது.

"அண்ணே... அந்தப் பச்சை?"

"அத்த ஏன் கேக்குற! பேஜாரு புடிச்ச அழுக்கு. ப்ளீச்சிங் பவுடர் போட்டு நாலு பேரு குந்திக்கினு தேச்சோம். நீதான சொன்ன, கெட்டதெல்லாம் இதுலதான் புடிச்சிக்கும்னு? அத்தோட சாமி கும்புடலாமா?"

அதற்குள் பாய் வந்துவிட்டார். கேன்களை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிதானமாகப் பார்த்தார்.

"இன்னா தம்பி, லீவே கேக்காதுன்ன? ஆயுத பூஜைக்கு எல்லாருமே போய்ட்டாங்களா?"

உலைப் பக்கம் எழுந்த சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆனது. தொட்டிப் பேச்சு அத்தோடு முடிந்தது. தொழிலாளர்களுக்குத் தந்த பொரியும் ஸ்வீட் பாக்ஸும் எனக்கும் கிடைத்தன. நடந்தது புரிந்ததும் ஏழுமலை அண்ணன் தன் பாக்ஸையும் என் பையில் திணித்தார்.

"சேந்த மாசமே ரெண்டு பாக்ஸா!" என்று பூரித்த அப்பாவிடம் அன்றுதான் உண்மையைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும்.

இன்றும் எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் பச்சை படர்ந்தால், அப்பா தெருவுக்கே கேட்கும்படி மேலிருந்து குரல் கொடுப்பார்:

"டேய், உன் ஆளுங்க டியூட்டிக்கு வந்துட்டாங்க. பூஜை போட்டுடலாமா?"