நேத்து கம்பவுண்டர்

விருதுநகரில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் எமனுக்குப் பயந்தார்களோ இல்லையோ, எங்கள் தெரு கம்பவுண்டருக்குப் பயந்தார்கள். எமன் ஒரே ஒரு தடவைதான் வருவான். கம்பவுண்டர் வாரா வாரம் வந்தார். வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "நேத்து மத்தியானம் என்ன கொளம்பு?" என்று கேட்டார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. ஊர் வைத்த பெயர் நேத்து கம்பவுண்டர். பஜாரில் ஒரு டாக்டரிடம் முப்பது வருஷமாக மிக்ஸ்சர் கலக்கிக்கொண்டிருந்தார். அறுபதுகளின் ஆரம்பத்தில் நான் ஒரு மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் கடிதம் எழுதும் வேலைக்குச் சேர்ந்து, அவர் வீட்டுக்கு எதிர் அறையில் குடியேறினேன்.

டிஸ்பென்சரியில் அவர் செய்த அட்டகாசம் கொஞ்சமா? இருமலுக்கு மருந்து வாங்க வந்த பெரியவரிடம் பாட்டிலை நீட்டுவார். அவர் கை நீட்டியதும் இவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்.

"இருமல் கெடக்கட்டும். போன வெள்ளிக்கிழமை யாரு வீட்டுக் கல்யாணத்துக்குப் போனீக?"

பதில் வந்தால்தான் பாட்டில். அதனால் டாக்டரைப் பார்க்க பெஞ்சில் காத்திருக்கும் கிழவர்கள் பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் மாதிரி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். "ஏலே, இன்னைக்கு என்ன கெளம?" என்று ஒருவர் பக்கத்து ஆளின் தொடையைக் கிள்ளுவார். "செவ்வா. சத்தமாக் கேக்காதலே, அவரு காதுல விளுந்திரும்" என்பார் மற்றவர். பருப்பு மண்டிப் பெரியவர் ஒருவர், கேள்விக்குத் தப்பாமல் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே தினமும் மூன்று வேளையும் கம்பங்கஞ்சி குடிக்க ஆரம்பித்தார். மூன்றே மாதத்தில் அவருடைய தொந்தி காணாமல் போனது. அந்தப் புண்ணியமும் கம்பவுண்டருக்குத்தான் சேரும்.

எதற்கு இப்படி ஊரை வதைக்கிறார் என்று எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. அவர் மனைவி பாக்கியம் மதினியைப் பார்த்த பிறகு எரிச்சல் போய்விட்டது. மதினி பங்குனிப் பொங்கல் திருவிழாக் கூட்டத்தில் வழி தெரியாமல் நின்றபோது, கூட்டம் அப்படி என்றார்கள். அடுத்த மாதம் ஆளே இல்லாத எங்கள் தெருவில், தன் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, "தம்பி, கம்பவுண்டர் வீடு எங்கன இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். நான் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வரும்.

"எனக்கு ஒண்ணுதான் தெரியணும் தம்பி," என்றார் கம்பவுண்டர் அன்று. "இது என்னைக்கு ஆரம்பிச்சுது? திடீர்னு ஒரு நாள் வராது. முன்னாடியே ஏதோ சொல்லியிருக்கும். அம்புட்டு வருசம் பக்கத்துலயே இருந்துட்டு நான் கவனிக்காம விட்டுட்டேன். இனி இந்த ஊர்ல யாருக்கு ஆரம்பிச்சாலும் நான் கண்டுபிடிச்சிருவேன். அதுக்குள்ள இவளுக்கும் ஒரு வழி தெரிஞ்சிராதா?"

டாக்டர் இதற்கெல்லாம் அசைகிற ஆளில்லை. "வயசானா மறக்கும்யா. அதுக்கு ஒரு நோட்டா?" என்பார். கம்பவுண்டர் மிக்ஸ்சரைக் குலுக்கிக்கொண்டே பதில் சொல்வார்: "வயசானா தலை நரைக்கும்ங்க. சொந்த வாசப்படிய மறக்கறதுக்கு வயசு காரணமில்ல."

நோட்டு என்று டாக்டர் சொன்னது ஒரு நீளமான காலிகோ பைண்டு நோட்டை. கம்பவுண்டர் கையெழுத்தைக் கம்பவுண்டராலேயே படிக்க முடியாது என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. யாருக்குப் பிரஷர், யாருக்குச் சர்க்கரை, யார் மூக்குப்பொடி, யாருக்குத் தூக்கம் இல்லை, யார் வீட்டில் பேச்சுத்துணை இல்லை என்று ஊர் வண்டவாளம் பூராவும் அதில் இருந்தது. அவருக்குப் பெரிய சந்தேகம் காது மேல். காது மந்தமானவனிடம் யாரும் பேசுவதில்லை, பேச்சு குறைந்தால் ஞாபகமும் குறைகிறது என்பது அவருடைய கட்சி. அதை நிரூபிக்க அச்சங்குளம் பக்கம் போய், வெடிச் சத்தத்தில் காது போன பழைய பட்டாசுத் தொழிலாளிகளைப் பரீட்சை செய்தோம். காது கேட்காதவரிடம் ஞாபகசக்திக் கேள்வி கேட்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது. "நேத்து என்ன சாப்பிட்டீக?" என்று கம்பவுண்டர் அண்ணாச்சி கத்திய கத்தலில் பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து பதில் சொன்னார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அவர் வேறொரு பரீட்சை கண்டுபிடித்தார். ஓர் அட்டையில் ஐந்து தீப்பெட்டி லேபிள்களை ஒட்டியிருந்தார். கிளி, பூட்டு, மாம்பழம், வில்வண்டி, குத்துவிளக்கு. ஒரு நிமிஷம் காட்டுவார், மூடுவார், கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசுவார், பிறகு என்னென்ன படம் என்று கேட்பார். மூன்றுக்குக் கீழே சொன்னால் நோட்டில் 'ஆரம்பம்' என்று நான் எழுத வேண்டும். ஊரெல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த இந்தப் பரீட்சை சிவகாசியில் மண்ணைக் கவ்வியது.

அங்கே ஒரு லித்தோ பிரஸ்ஸில் வயதான போர்மேன் ஒருவர். அட்டையைப் பார்த்தார். மூடினோம். மழை, தீபாவளி ஆர்டர் எல்லாம் பேசிய பிறகு அண்ணாச்சி கேட்டார்.

"என்னென்ன பாத்தீக?"

"ஒண்ணுல மஞ்சள் தள்ளிப் போயிருந்துச்சு. ஒண்ணுல செவப்பு அப்பியிருந்துச்சு. மத்ததுல பழுது இல்ல."

"அது சரி. என்ன படம் இருந்துச்சு?"

போர்மேன் யோசித்தார். "படமா? படத்த யாரு பாத்தா?"

அண்ணாச்சி என்னைத் துக்கமாகப் பார்த்தார். நான் 'ஆரம்பம்' என்று எழுதினேன். விஷயம் எப்படியோ போர்மேனின் மகன்கள் காதுக்குப் போய், அவர்கள் பயந்துபோய் அப்பாவைப் பிரஸ்ஸுக்கு அனுப்பாமல் நான்கு நாள் வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் போர்மேன் லேபிள் கட்டு ஒன்றை இடுக்கிக்கொண்டு பஸ் பிடித்து விருதுநகருக்கே வந்துவிட்டார். டிஸ்பென்சரி பெஞ்சில் அதைப் பிரித்துப் பரப்பினார். ஒவ்வொன்றாக எடுத்து, எந்தக் கம்பெனிக்கு, எந்தச் சீசனில், யார் மிஷினில் நின்றபோது அடித்தது, எந்த மையில் தண்ணீர் கூடியது என்று வரிசையாக ஒப்பித்தார். காய்ச்சல்காரர்கள் காய்ச்சலை மறந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"காலம்பூரா கலரப் பாத்தவன்கிட்ட படத்தக் கேட்டா என்னய்யா சொல்லுவான்? மொதல்ல அந்த நோட்டுல எழுதுனத அடிங்க."

அடித்தேன். அண்ணாச்சி அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, பஸ் ஏற்றிவிட்டார். திரும்பி நடக்கும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "தம்பி, ஆளுக்கு ஆள் கேள்வி மாறணும்ல. பாக்கியத்துகிட்ட நான் கெளம கேட்டேன், தேதி கேட்டேன். அவ என்னைக்குக் காலண்டரப் பாத்தா? தப்பு அவகிட்ட இல்லையோ என்னமோ. நான்தான் கேக்கத் தெரியாம கேட்டிருக்கேனோ?"

மதினி பிறந்தது சிவகாசிப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் வீட்டில் தீப்பெட்டி ஒட்டியவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி எங்கிருந்தோ பெட்டி மடிக்கிற மெல்லிய மரச்சக்கையும் நீலத்தாளும் வாங்கி வந்தார். மைதா காய்ச்சிப் பசை எடுத்து, எல்லாவற்றையும் மதினிக்கு முன்னால் வைத்தார். நான் நோட்டைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மதினி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தபடி இருந்தார். பிறகு விரல் பசையைத் தொட்டது. மடிப்பு, ஒரு சுற்று, ஒரு தட்டு. பெட்டி. இன்னொன்று. கண் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்கு ஓடியது. முழங்காலுக்குப் பக்கத்தில் பெட்டிகள் வரிசையாக ஏறின. அண்ணாச்சி சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"பாத்தியா தம்பி? ஒண்ணும் போகல. எல்லாம் உள்ள இருக்கு. எளுது, எளுது."

நான் பேனாவைத் திறந்தேன். மதினி கையை நிறுத்தாமல் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார்.

"கம்பவுண்டரய்யா, பொளுது சாயுது. இங்கனயே இருக்கீகளே, உங்க வீட்டுல தேட மாட்டாகளா?"

அண்ணாச்சியின் சிரிப்பு அடங்க சற்று நேரம் ஆனது.

"தேடுவாகம்மா," என்றார்.

"அப்பக் கெளம்புங்க. பாவம், அவுக தனியா இருப்பாக."

அவர் எழுந்து துண்டைத் தோளில் போட்டார், செருப்பை மாட்டினார், "வாரேம்மா" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன். தெருமுக்கு வரை நடந்தார். அங்கே வைக்கோல் வண்டி போவதைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றார். பிறகு, "சரி, வீட்டுக்குப் போவோம்" என்று திரும்பி நடந்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் மதினி தலையைத் தூக்கினார்.

"வந்துட்டீகளா? ஏன் இம்புட்டு நேரம்?"

நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நோட்டில் அன்று எதுவும் எழுதவில்லை. அதற்குப் பிறகும் எழுதவில்லை. எதைக் கண்டுபிடித்தாலும் மதினியைத் திருப்பிக்கொண்டுவர முடியாது என்பது அவருக்கு அன்று தெரிந்துவிட்டது. ஆனால் சாயங்காலங்களில் வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேருவது என்பதும் தெரிந்துவிட்டது.

மதினி இறக்கும்வரை தினமும் அப்படித்தான் நடந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் மதினி அவரைக் கிளம்பச் சொல்வார். அவர் முக்கு வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வருவார். சில நாள் "வந்துட்டீகளா?" சில நாள் "யாரு?" யாரு என்று கேட்ட நாளில் இன்னொரு தடவை முக்குக்குப் போவார். துணைக்கு நானும் போவேன். அப்போது அவர் யாரையும் எதுவும் கேட்பதில்லை, என்னிடம் மழையைப் பற்றிப் பேசுவார், வத்தல் வரத்தைப் பற்றிப் பேசுவார், மதினி சின்ன வயதில் நன்றாகச் சண்டை போடுவார் என்று சொல்லித் தானே சிரித்துக்கொள்வார்.

அந்த முக்கில் அவரோடு நிற்பதற்காக நான் கடையில் முதலாளியிடம் சொல்லாத பொய் இல்லை. தலைவலி என்றேன், ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றேன். இப்போது யாரிடம் என்ன பொய் சொன்னால் அந்தக் கால் மணி நேரம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.