வருதுங்களா அண்ணன்

சூலூர் வட்டாரத்தில் அவர் ஏறாத மொட்டை மாடி கிடையாது. அவர் ஏறி இறங்கிய பிறகு ஒழுங்காகப் படம் தெரிந்த டிவியும் கிடையாது. இதில் முதல் சங்கதி மட்டும்தான் வெகுநாள் வரை அவருக்குத் தெரிந்திருந்தது.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். எங்கள் லைன் வீட்டில் யாருக்கும் தெரியாது. மாடியில் நின்று டிஷ் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே "வருதுங்களா?" என்று கீழே பார்த்துக் கேட்பார். அதனால் வருதுங்களா அண்ணன். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே இருந்த விசைத்தறிக் கூடத்தில் வாலிபத்திலிருந்து தறி ஓட்டி ஓய்ந்தவர். அந்தச் சத்தம் அவர் காதில் பாதியை எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த பாதியை வைத்துக்கொண்டுதான் இந்தச் சமூக சேவையில் இறங்கினார். காசு வாங்க மாட்டார். கஷ்டமே அதுதான். காசு வாங்குகிறவர் என்றால் கூப்பிடாமல் இருந்துவிடலாம்.

எங்களுக்கும் அவருக்கும் முடிச்சுப் போட்டது ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அது வந்து இறங்கினால், கொடியில் காயும் வேட்டி பக்கத்துத் தெருவில்தான் கிடைக்கும். டிஷ் மட்டும் சும்மா நிற்குமா? பழைய காலத்து டிவியாவது புள்ளி புள்ளியாக எதையோ காட்டும். டிஜிட்டலுக்கு அந்த இரக்கமெல்லாம் இல்லை. வந்தால் கண்ணாடி மாதிரி வரும், இல்லாவிட்டால் செய்தி வாசிக்கிற பெண்ணின் வாய் ஒரு கட்டத்திலும் கண் ஒரு கட்டத்திலும் நின்றுவிடும். நாங்கள் குடிபோன முதல் வாரமே அப்படி ஆனது. மறுநாள் காலையில் வாசலில் ஒரு ஸ்பேனரும் துண்டுமாக அவர் நின்றார். நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

செருப்பைப் படிக்கட்டுக்குக் கீழேயே கழற்றிவிட்டுத்தான் மாடி ஏறினார். அவருடைய மரியாதைக்கு எல்லை கிடையாது. படியில் படுத்திருந்த நாயிடம் "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா சாமி" என்று கேட்டுவிட்டுத் தாண்டினார். சாட்டிலைட்டையும் அவர் 'அது' என்று சொன்னதில்லை.

"அவிங்க அக்கினி மூலைல அவிங்க பாட்டுக்கு நிக்கறாங்க. நாமதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டோமுங்க" என்றார், சம்பந்தி வீட்டுச் சண்டையைச் சமாதானம் பேசுகிறவர் போல.

பிறகு திருப்பத் தொடங்கினார். டிஷ்ஷைத் திருப்பினால் கீழே பெட்டி யோசித்துப் படம் காட்டச் சற்று நேரம் பிடிக்கும். அந்தப் பொறுமை அவரிடம் இல்லை. படம் வந்து என் மனைவி குரல் கொடுப்பதற்குள் அவர் அடுத்த திசைக்குப் போய்விடுவார். ஆகவே எங்கள் வீட்டில் படம் வந்தது எப்போதுமே முந்தின திசைக்குத்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. எதிரே தறிகள் ஓடும்போது நாம் சொல்லும் சொல்லின் தலையைச் சத்தம் தின்றுவிடும். வால் மட்டும்தான் மாடிக்குப் போய்ச் சேரும். எங்கள் ஊர்ப் பேச்சில் வால் என்பது 'ங்க'. "வருதுங்க" என்றாலும் ங்க, "வர்லீங்க" என்றாலும் ங்க. தொண்டை கிழிய "வர்லீங்க, வர்லீங்க" என்று என் மனைவி கத்துவாள். மேலே அவருக்கு "ங்க, ங்க" என்று விழும். நல்ல மனிதர், அதை நல்ல சேதியாகவே எடுத்துக்கொள்வார். போல்ட்டை முறுக்கிவிட்டு இறங்கி வந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, "இனி ஒரு தொந்தரவும் வராதுங்க அம்மணி" என்பார். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எங்கள் இருவருக்குமே வாய் வந்ததில்லை.

'ங்க'வை விட்டுவிட்டு வெறுமனே "வரல" என்று கத்தேன் என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் உடுமலைப்பேட்டைக்காரி. பெரியவரைப் போய் அப்படிப் பேசுவதற்கு டிவியை விற்றுவிடலாம் என்றாள். நான் முற்றத்தில் நின்று இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன். அவரும் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்.

கரண்ட் போனால் தறி நிற்குமே, அப்போது காது கேட்குமே என்று ஒரு யோசனை அவருக்கே வந்தது. ஒரு மத்தியானம் கரண்ட் போனதும் ஓடி வந்து ஏறினார். ஊரே நிசப்தமாக இருந்தது. "வருதுங்களா?" என்ற குரல் கணீரென்று கேட்டது. கரண்ட் இல்லாமல் டிவி எப்படி வரும் என்பதை அவர் இறங்கிய பிறகு பக்குவமாக எடுத்துச் சொன்னோம். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, கரண்ட்காரங்க மனசு வைக்க வேண்டும் என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒருவரை வெளியே அனுப்புவதென்றாலும் "போய்ட்டு வாங்க" என்றுதான் சொல்ல வேண்டும். அவர் போய்விட்டு வந்துவிடுவார். லைனில் மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் கேபிளுக்கு மாறியதே அவருக்குப் பயந்துதான் என்று ஒரு பேச்சு உண்டு. நான் மட்டும் வீம்பாக டிஷ்ஷை வைத்திருந்தேன். கிருத்திகைக்குக் கிருத்திகை அவர் சென்னிமலைக்குப் போவார். அந்த நாள் பார்த்துக் கம்பெனி ஆளைத் திருட்டுத்தனமாக வரவழைத்துச் சரிசெய்வேன். மறுநாள் அவர் வந்து, எதற்கும் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று மாடி ஏறுவார்.

இப்படி நாள் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டுக் கனகாக்காவின் மகள் ரம்யா, வாலிபால் மாநில அணியில் சேர்ந்தாள். அக்கா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பீஸ் ரேட்டில் தைப்பவர். மிஷினை விட்டு எழுந்தால் கூலி போய்விடும். மகள் ஆடி அவர் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. "பந்தத் தூக்கிட்டு ஊரு சுத்தற கழுத" என்று திட்டுவார், ஆனால் பந்து வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். வடக்கே எங்கோ நடக்கும் கடைசிப் போட்டி விளையாட்டுச் சேனலில் வரும் என்று ரம்யா போன் செய்து சொன்னாள். அந்தச் சேனல் கேபிளில் வராது, லைனில் எங்கள் டிஷ்ஷில் மட்டும்தான் வரும். என் செல்போனில் போட்டுப் பார்த்தால் நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ரம்யா மாற்று ஆட்டக்காரி. இறக்கினாலும் இறக்குவார்கள், பெஞ்சிலேயே உட்கார வைத்தாலும் வைப்பார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் பார்த்துவிட வேண்டும் என்றார் அக்கா.

போட்டியன்று மத்தியானம் அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து எங்கள் டிவி முன்னால் உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கி இரண்டு பாயின்ட் போயிருக்கும், காற்று ஒரு அறை அறைந்தது. திரை கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு மொத்தமாக இருண்டது. சிக்னல் இல்லை என்று ஒரு வரி மட்டும் நின்றது. கம்பெனி ஆளுக்குப் போன் போட்டேன். நாளைக்கு வருகிறேன் என்றான். அக்கா இருண்ட திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

யாரும் கூப்பிடாமலே வருதுங்களா அண்ணன் வந்துவிட்டார். அவர் அக்காவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், படிக்கட்டு வரை போனார். அங்கே நின்று எதிரே ஓடும் தறிக்கூடத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மாடி ஏறாமல் தெருவைக் கடந்து நேராகத் தறிக்கூடத்துக்குள் போனார். எனக்கு ஒன்றும் புரியாமல் பின்னாலேயே ஓடினேன்.

முன்னறையில் முதலாளி உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடத்தில் அவர் எதிரே அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்ததுகூடக் கிடையாது. அவர் முன்னால் போய் நின்று அண்ணன் சொன்னார்:

"தறிய நிறுத்து."

ங்க இல்லை. முதலாளி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவருக்கு வந்தது பயம். இந்த மனிதர் வாயிலிருந்து 'ங்க' விழுந்துவிட்டதென்றால் உள்ளே யாருக்கோ கை போய்விட்டது என்று முடிவு செய்து, ஓடிப்போய்த் தறிக்கூடத்து மெயின் சுவிட்சை இழுத்துவிட்டார்.

"யாருக்கு என்னாச்சு?" என்றார் முகம் வெளுத்து.

"கனகா புள்ள டிவில வருதுங்க. காது கேக்கோணுமுங்க" என்றார் அண்ணன். சொன்ன பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது. கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிச்சுக்குங்கங்க" என்று விட்டுப்போன ங்க-வையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வெளியே ஓடினார். முதலாளி என்னைப் பார்த்தார். எனக்கும் கும்பிடத்தான் தோன்றியது. எந்தப் பிள்ளை, எந்தச் சேனல் என்று கேட்டுக்கொண்டே அவரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். தறிக்காரர்களும் பின்னாலேயே வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

தெரு அத்தனை அமைதியாக நான் பார்த்ததில்லை. மேலேயிருந்து குரல் வந்தது.

"வருதுங்களா?"

"வர்லீங்கண்ணா" என்றார் கனகாக்கா.

வரவில்லை என்று ஒருவர் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அடுத்து என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை, அப்படி ஒரு நிலைமை அவருக்கு வந்ததே இல்லை. அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பச் சொல்லி நான் கத்தினேன். திருப்பினார், காத்திருந்தார், கேட்டார். வர்லீங்க. மறுபடி திருப்பினார். திரையில் ஒரு மைதானம் தெரிந்து, உடனே போனது. போல்ட் தேய்ந்துபோயிருந்தது, கையை எடுத்தால் டிஷ் காற்றோடு போய்விடுகிறது என்றார். கையை எடுக்காதீர்கள் என்றோம். அவர் எடுக்கவில்லை. படம் வந்து நின்றது.

ரம்யா பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அக்கா இரண்டு கையாலும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சைக் காட்டும்போதெல்லாம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கடைசியில் பயிற்சியாளர் ஒரு பெண்ணை வெளியே கூப்பிட்டார். ரம்யா எழுந்து ஜெர்சியை இழுத்துவிட்டுக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினாள்.

"புள்ள வருதுங்களா?" என்றது மேலேயிருந்து.

கனகாக்கா எழுந்து நின்றுவிட்டார். பெற்ற மகளை ஒருநாளும் கழுதை என்பதற்கு மேல் மரியாதையாகச் சொல்லியிராதவர், கூரையைப் பார்த்துச் சொன்னார்:

"வந்துட்டாங்கண்ணா. நம்ம ரம்யா வந்துட்டாங்க."

வாசலில் நின்ற தறிக்காரர்கள் கை தட்டினார்கள். முதலாளியும் தட்டினார். மேலே மட்டும் ஒரு சத்தமும் இல்லை. நான் படியேறிப் போய்ப் பார்த்தேன். காற்றில் வேட்டி படபடக்க, டிஷ்ஷை மார்போடு கட்டிப் பிடித்தபடி நின்றிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் தாடி வரைக்கும் வழிந்திருந்தது. துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை.

நான்தான் துடைத்துவிட்டேன்.